கற்பூரம் மணக்கும் சவரக்கத்தி

அம்மப்பாவின் சவரக்கத்தி எங்கள் வீட்டு அலுமாரியில், பழைய பிஸ்கட் பேணி ஒன்றுக்குள் கிடந்தது. அலகில் ஜெர்மனியின் சோலிங்கன் நகர முத்திரை. பிடி பழுப்பேறி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, தொட்டால் உதிர்ந்தது. அலகில் துரு இருந்தது, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. மடக்கி வைத்தபோது பிடிக்குள் இருந்த பகுதி மட்டும் அரித்துப் போயிருந்தது. உதிர்ந்த துண்டொன்றை விரலால் தேய்த்து முகர்ந்தேன். கோயில் வாசம். கற்பூரம்!

அந்தப் பிடி செலுலாய்ட். யானைத் தந்தத்துக்கு மாற்றாக ஜான் வெஸ்லி ஹயாட் 1870 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பொருள். பஞ்சை நைத்திரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கிடைக்கும் நைட்ரோசெலுலோஸ் தனியே நொறுங்கக்கூடியது. கற்பூரம் சேர்த்தால் இளகி, வளைந்து கொடுக்கும். ஆனால் திறந்து வைத்த கற்பூரம் கரைந்து காணாமல் போவது நம் வீட்டுச் சாமியறையிலேயே தெரிந்த விஷயம். பிடிக்குள் இருக்கும் கற்பூரமும் பல ஆண்டுகளில் அப்படித்தான் போகிறது. பிடி சுருங்கி வெடிக்கிறது. கூடவே நைட்ரேட் பகுதிகளும் உடைந்து நைதரசன் ஒட்சைட்டுகள் வெளியேறுகின்றன. காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அவை அமிலம். அந்த அமிலம் மிச்சப் பிடியை இன்னும் வேகமாக உடைக்கிறது, பக்கத்திலுள்ள உருக்கையும் அரிக்கிறது. வெப்பமும் ஈரமும் இருந்தால் வேகம் கூடும், மட்டக்களப்பில் இரண்டுக்கும் குறைவில்லை. ஆவி வெளியேற முடியாத மூடிய பேணி அதைவிட மோசம். அம்மம்மா பத்திரப்படுத்தியதுதான் வினையாகிப் போனது.

இப்படிப்பட்ட பிடியை மெஷினில் தேய்க்கவே கூடாது. நைட்ரோசெலுலோஸ் சட்டென்று தீப்பிடிக்கும். பழைய பிடிகள் பலவற்றின் வால் பக்கத்து ஆப்பு ஈயம், அதன் தூளும் நச்சு. கழற்றி ஒதுக்கிவிட்டேன்.

புதுப் பிடி செய்வது அழகு வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு மெல்லிய தகடுகள், இரண்டு ஆணிகள், முடிந்தது கதை. கழற்றிப் பார்த்த பிறகுதான் அது ஒரு வில் என்று புரிந்தது. ஒரு முனையில் இரண்டு தகடுகளும் அலகின் கழுத்தைப் பிடித்திருக்கின்றன, அதுதான் கத்தி திறந்து மூடும் அச்சு. மறுமுனையில் நடுவே ஆப்பு. ஆப்பின் இரு முகங்களும் சற்றே சரிவானவை. அந்தச் சரிவில் இறுக்கப்படும் தகடுகள் அச்சுப் பக்கம் அகன்று போகப் பார்க்கும், அச்சாணி அவற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கும். இந்த இழுபறியில் தகடுகள் நடுவில் வெளிப்பக்கமாக வளைகின்றன. அந்த வளைவுதான் கூர் உரசாமல் உட்கார இடம் தருகிறது. வளைந்த தகடு நிமிரப் பார்ப்பதால் எப்போதும் ஆணித் தலையோடு அழுந்தி நிற்கிறது, ஆட்டம் தெரிவதில்லை.

தகட்டின் தடிப்பு இங்கே சின்ன விஷயமில்லை. விறைப்பு தடிப்பின் மூன்றாம் அடுக்குக்கு (தடிப்பு × தடிப்பு × தடிப்பு) ஏற்ப மாறும். 2 மில்லிமீற்றர் தகட்டைவிட 3 மில்லிமீற்றர் தகடு ஏறக்குறைய 3.4 மடங்கு விறைப்பானது. கொஞ்சம் தடிப்பாகவே இருக்கட்டும் என்று விட்டால் தகடு வளைய மறுக்கும், ஆணியடியில் பிளக்கும்.

கல்முனையில் ஒரு தச்சுப் பட்டறையில் முதிரைத் துண்டொன்று கிடைத்தது. பொன் நிறம், கண்ணாடி போலப் பளபளக்கும் மரம். ஓகஸ்டில், கச்சான் காற்று வீசும் நாளில் (சாப்பிடும் கச்சான் அல்ல, மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று), அறுத்து, சாண்ட் பேப்பரால் தேய்த்து, வெளிப்பக்கம் மட்டும் எண்ணெய் பூசி ஆணி அடித்தேன். டிசம்பரில் மாரி பிடித்தது. ஒருநாள் கத்தியைத் திறந்தால் உள்ளே மரத்தில் ஒரு கீறல். ஒரு தகடு உள்வளைந்து கூரைத் தொட்டிருந்தது.

மரம் ஈரத்தைக் குடித்தால் இழையின் நீளத்தில் அநேகமாக வளராது, குறுக்கேதான் வீங்கும். அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் வீக்கம், மையத்திலிருந்து வெளியே போகும் திசையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. என் துண்டில் இழை நேராக ஓடவில்லை, சாய்ந்து வெளியேறியது. அதனால் குறுக்கு வீக்கத்தில் ஒரு பங்கு நீளத்திலும் சேர்ந்துகொண்டது. பூச்சில்லாத உள்முகமும் பூச்சுள்ள வெளிமுகமும் ஒரே அளவு குடிக்கவுமில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 150 மில்லிமீற்றர் நீளமும் 3 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள தகட்டில் ஒரு முகம் மற்றதைவிட வெறும் 0.15 மில்லிமீற்றர் நீண்டால், நடுப்பகுதி கிட்டத்தட்ட 1 மில்லிமீற்றர் வளையும். கூருக்கும் தகட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியே அவ்வளவுதான்.

பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இழையப் பார்க்காம அறுத்திட்டீங்க. வேற துண்டு தாறன், ஒரு மாரி வீட்டுக்குள்ள கிடக்கட்டும்.”

அந்த மாரியில் எருமைக் கொம்பையும் யோசித்தேன். தயிருக்குப் பேர்போன ஊரில் கொம்புக்கா பஞ்சம்? பழைய கத்திகள் பலவற்றின் பிடி கொம்புதான். கொம்பு, நகம், தாடி மயிர் எல்லாம் கெரட்டின் என்ற ஒரே புரதம். சூட்டில் இளகும், அழுத்தி நிமிர்த்தினால் தட்டையாகும். ஆனால் ஈரம் பட்டால் பழைய வளைவை நினைத்துக்கொள்ளும், வாரி நேராக்கிய சுருட்டை முடி மழையில் நனைந்ததும் திரும்பச் சுருள்வதுபோல. சலூனில் சவரத்துக்கு முன் தாடியை வெந்நீரால் நனைப்பதும் கெரட்டின் ஈரத்தில் இளகும் என்பதை நம்பித்தான். பூச்சியும் கொம்பைத் தின்னும். எனவே வேண்டாம் என்று விட்டேன். தந்தமும் ஆமையோடும் சட்டப்படியே முடியாது, அந்தப் பேச்சே வேண்டாம்.

இரண்டாவது பிடிக்கு நேர் இழை பார்த்து அறுத்து, உள்ளும் புறமும் சமமாக லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் பூசினேன். நம்மூரில் எதற்கும் தேங்காய் எண்ணெய்தான் முதலில் நினைவுக்கு வரும், ஆனால் அது காயாது. லின்சீட் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து மெல்லிய படலமாக இறுகும். ஈரத்தை அது நிறுத்திவிடாது, மெதுவாக்கும். இரண்டு முகமும் ஒரே வேகத்தில் குடித்தால் அதுவே போதும்.

ஆணி 1.6 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பி. வாஷருக்கு மேலே ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக நீட்டி விட்டு, சின்னச் சுத்தியலால் சுற்றிவரத் தட்ட வேண்டும். அடி வாங்க வாங்கப் பித்தளை பரவித் தலையாகும், அப்புறம் கடினமாகிக்கொண்டே போகும். பொற்கொல்லர் என்றால் நடுவில் சூடாக்கி இளக வைப்பார். மரத்துக்குள் இருக்கும் ஆணியைச் சூடாக்க வழியில்லை, ஆகவே குறைந்த தட்டில் முடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் தலை விரிவதற்கு முன் கம்பி உள்ளே வளைந்து துளையைப் பிளக்கும். அப்படி ஒரு தகடு போனது.

வாவிக்கரையில் இன்னொரு தொல்லை உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். பித்தளையும் உருக்கும் தொட்டிருக்கும் அச்சில் அந்த உப்புநீர் பட்டால் உருக்குத்தான் அரிபடும். மாதம் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன்.

இந்த ஜனவரியில், மழை விடாத ஒரு காலையில், கத்தியை மூடி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். கூரின் இரு பக்கமும் மெல்லிய வெளிச்சக் கோடு, ஒரே அகலத்தில். திறந்தால் நின்ற இடத்தில் நிற்கிறது. சவரம் செய்யும் தைரியம் மட்டும் இன்னும் வரவில்லை.