அப்பாவின் பின்னால் ஓடிய சிறுவன்

2006ஆம் ஆண்டு மே 27ஆம் திகதி பிபிசியில் ஒளிபரப்பான 'டொக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் 'தி இடியட்ஸ் லான்டர்ன்' என்ற அத்தியாயத்தை, கிளிநொச்சியில் உளவளத்துணையாளராகப் பணியாற்றும் நான் அண்மையில்தான் பார்த்தேன். கதை 1953இல், எலிசபெத் மகாராணியின் முடிசூட்டு விழாவையொட்டி, லண்டனில் நிகழ்கிறது. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் வேற்றுலக உயிரொன்று பார்ப்பவர்களின் முகத்தையே உறிஞ்சிவிடுகிறது. அங்கே வாழும் எடி கொனொலி என்பவனின் மனைவியும் மகனுமோ அந்த உயிரைப் பற்றி அறியும் முன்பே எடிக்கு அஞ்சிப் பழகிவிட்டவர்கள். முகமிழந்த மாமியாரை அவன் மேல்மாடி அறையில் பூட்டிவைக்கிறான். கேட்டால், அக்கம்பக்கத்தில் தன் மதிப்பு என்னாவது என்று அதட்டுகிறான்.

குடும்ப மானம் என்ற அந்த நியாயத்தை நான் இங்கே அடிக்கடி கேட்கிறேன். பத்து வயது மகனுடன் ஒரு தாய் வந்திருந்தார் (அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்). "அவர் அடிக்கிறேல்லை மிஸ், சத்தம் போடுறவர் மட்டும்தான்" என்றார். மடியிலிருந்த கைபேசி அரை மணித்தியாலத்துக்குள் ஆறு தடவை அதிர்ந்தது. அவர் அதை எடுத்துச் சந்தையில் நிற்பதாகச் சொல்லத் தொடங்கியதும், யாரும் சொல்லாமலே மகன் எழுந்துபோய், வீதிச் சத்தம் கேட்கட்டும் என்று யன்னலைத் திறந்துவிட்டான்.

அடி விழாததால் முறையிட வழியில்லை என்று அந்தத் தாய் நம்பியிருந்தார். ஆனால் இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், பாரதூரமான முறையில் தொடர்ந்து இழிவுபடுத்திக் கொடுமை செய்வதையும் வன்முறையாகவே கொள்கிறது. பாதிக்கப்பட்டவரோ அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால், முதலில் இடைக்காலக் கட்டளையும், பின்னர் 12 மாதங்கள் வரையான பாதுகாப்புக் கட்டளையும் பெறலாம். கதையில் எடியின் மனைவி ரீட்டா, வீடு தன் தாயுடையது என்று சொல்லிக் கணவனை வெளியேற்றுகிறாள். வன்னியில் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி பல குடும்பங்களில் கணவன் பெயரிலேயே இருப்பதால், வெளியேற வேண்டியவர் தானே என்று பெண்கள் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் இருவரும் சேர்ந்து வாழும் வீட்டுக்குள் கணவன் நுழையத் தடை விதிக்கவும் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு. ஆலோசனை கேட்க, பெண்களுக்கான உதவி இலக்கமான 1938ஐ அழைக்கலாம். பல அரச வைத்தியசாலைகளில், வன்முறைக்கு ஆளானோருக்கு உதவும் 'நட்பு நிலையங்களும்' உள்ளன.

கதையின் முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வெளியேறிச் செல்லும் எடியைக் காட்டி, அவர் உன் அப்பா அல்லவா என்று டொக்டரின் பயணத் தோழியான ரோஸ் தூண்ட, மகன் டொமி அவன் பின்னால் ஓடுகிறான். போரில் எத்தனையோ பிள்ளைகள் தகப்பனை இழந்த இந்த மண்ணில், "இருக்கிற தகப்பனையும் விலக்கிறதோ" என்று உறவினர் கேட்பதிலுள்ள வலி எனக்குப் புரிகிறது. தகப்பனோடு பேச விரும்பும் பிள்ளை பேசட்டும். அவரைத் திருத்தி அழைத்துவரும் வேலையைப் பிள்ளையிடம் ஒப்படைக்க எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

பின்னேரங்களில் எத்தனை மணிக்கு விளையாடப் போவாய் என்று அந்த மகனிடம் கேட்டேன். தாயைப் பார்த்துவிட்டு, "அம்மா தனிய நிப்பா" என்றான்.