லாங் டெர்ம் கான்ட்ராக்ட்: இதுக்கு சரியான தமிழ்ச் சொல் எது?

ஆஸ்திரேலியால ஃபுட்டின்னு ஒரு ஆட்டம் இருக்கு, முட்டை வடிவப் பந்து, பெரிய நீள்வட்ட மைதானம், ஒரு பக்கத்துக்கு 18 பேரு, சாக்கரும் கிடையாது ரக்பியும் கிடையாது. அதோட பெரிய லீக் ஏஎஃப்எல். அங்க ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் அக்டோபர் வந்தா ஊரே பேசுற பேச்சு, எந்த ஸ்டாருக்கு எந்த கிளப் எத்தனை வருஷம் கான்ட்ராக்ட் குடுத்துச்சு, அது தேறுமா தேறாதான்னுதான்.

ஒருதடவை ஊர்ல இருக்குற எங்க அம்மாகிட்ட போன்ல, "இங்க ஒரு பையனுக்கு ஒம்பது வருஷம் கான்ட்ராக்ட் போட்டிருக்காங்கம்மா"ன்னேன். அம்மா கேட்டாங்க, "ஐயோ பாவம், இன்னும் பெர்மனன்ட் பண்ணலயா?" அவங்க கேட்டது ரொம்ப சரி. நம்ம பேச்சுல கான்ட்ராக்ட்னா நிரந்தரமில்லாத வேலை. "கான்ட்ராக்ட்லதான் இருக்கான்"னா எப்ப வேணா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு அர்த்தம். ஃபுட்டில அதே சொல்லுக்கு நேர் எதிர் அர்த்தம், கையெழுத்து போட்டுட்டா கால் ஒடிஞ்சு ஒரு சீசன் முழுக்க உக்காந்திருந்தாலும் பேசின சம்பளம் வந்தாகணும், வீரர் சம்மதிக்காம இன்னொரு கிளப்புக்கு தள்ளிவிடவும் முடியாது.

சொல்லோட வேர் லத்தீன்ல இருக்கு. 'கான்'னா சேர்ந்து, 'ட்ராஹெரே'ன்னா இழுக்குறது, அதாவது ரெண்டு பேரையும் சேர்த்து இழுத்து ஒரே இடத்துல கட்டுறது. ட்ராக்டர்ங்குற சொல்லும் அந்த இழுவையிலேர்ந்துதான் வருது, தசை சுருங்குறதுக்கு இங்கிலீஷ்ல சொல்றதும் இதே சொல்தான். 'டெர்ம்' வர்றது டெர்மினுஸ்லேர்ந்து, எல்லைன்னு அர்த்தம், பஸ் டெர்மினஸ்ல இருக்குறது அதேதான். ஆக லாங் டெர்ம்னா எல்லைக்கல்லை ரொம்ப தள்ளி நட்டிருக்குன்னு வெச்சுக்கலாம்.

தமிழ்ல பொதுவா 'நீண்டகால ஒப்பந்தம்'னு எழுதுறோம். ஒப்பந்தம் நல்ல சொல், ஒப்புங்குற அடியில நிக்குது, ஒப்புக்கொள், ஒப்படை எல்லாம் அதோட சொந்தக்காரங்க, தெலுங்கு கன்னடத்துலயும் இருக்கு. உடன்படிக்கைன்னும் சொல்லலாம், ஆனா அது ரெண்டு அரசாங்கம் உக்காந்து கையெழுத்து போடுற மாதிரி கேக்குது. எனக்கு சரியாப் படாதது 'நீண்டகால' மட்டும்தான். காலம் நீளுதுன்னு மட்டும்தான் அது சொல்லுது, ஏன் நீட்டுறாங்கன்னு சொல்லல. இங்க விஷயமே அந்த நீட்டல்லதான இருக்கு.

ஏஎஃப்எல்ல சாலரி கேப் உண்டு, நில உச்சவரம்பு மாதிரி சம்பள உச்சவரம்புன்னு வெச்சுக்கங்க. ஒரு கிளப் வீரர்களுக்கு வருஷத்துக்கு மொத்தமா இவ்வளவுதான் குடுக்கலாம், பணக்கார கிளப்பா இருந்தாலும் அதுக்கு மேல போகக்கூடாது. அதனால ஒரு பெரிய ஆளை இழுக்கணும்னா பணம் இருந்தா போதாது, அந்த வரம்புக்குள்ள இடமும் வேணும். அங்கதான் வருஷத்தை நீட்டுறாங்க.

பட்டி ஃபிராங்க்ளினை எடுத்துக்கங்க, முழுப்பேர் லான்ஸ் ஃபிராங்க்ளின். ஹாதார்ன் கிளப்புக்காக 2008லயும் 2013லயும் கோப்பை ஜெயிச்சுட்டு 2013 கடைசில சிட்னி ஸ்வான்ஸுக்கு போனாரு, ஒம்பது வருஷம், சுமார் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர். அவரு அப்ப ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது வெளிய கிளப் குடுக்குற அதே தொகையை அதே வருஷத்துக்கு பழைய கிளப்பும் தர்றேன்னு சொன்னா வெச்சுக்கலாம். 26 வயசு ஆளுக்கு 35 வயசு வரைக்கும் சம்பளம்னு கேட்டதும் ஹாதார்ன் ஒதுங்கிடுச்சு. கணக்கையும் பாருங்க, அதே 1 கோடியை ஆறு வருஷத்துல குடுத்தா வருஷத்துக்கு சராசரி 16 லட்சத்துக்கு மேல போகும், ஒம்பதா பிரிச்சா 11 லட்சம் சொச்சம். ஆளு 35 வயசு வரைக்கும் அதே மாதிரி ஓடுவாருன்னு சிட்னில யாரும் நம்பியிருப்பாங்கன்னு எனக்குத் தோணல. ஆறேழு வருஷ ஆட்டத்தை வாங்கி விலையை ஒம்பது வருஷமா கட்டுறாங்க, அவ்வளவுதான்.

இதை யோசிச்சுக்கிட்டு இருந்தப்பதான் இங்க மெல்போர்ன்ல கூட வேலை பாக்குற யாழ்ப்பாணத்து அண்ணா ஒருத்தர் பேச்சுவாக்குல சொன்னாரு, "தம்பி, இரண்டாம் தவணை முடிஞ்சுது, பிள்ளையளுக்கு ரெண்டு கிழமை விடுமுறை." சட்டுன்னு பிடிச்சுக்கிட்டேன். ஸ்கூல் டெர்முக்கு ஈழத்துல தவணைன்னுதான் சொல்றாங்க. நம்ம பக்கம் தவணைன்னா வண்டிக்கும் பிரிட்ஜுக்கும் மாசாமாசம் கட்டுறது. குறிச்ச கெடுவும் தவணைதான், பிரிச்சுக் கட்டுற பணமும் தவணைதான். ஃபுட்டி கான்ட்ராக்ட்ல நடக்குறது இந்த ரெண்டும் சேர்ந்ததுதான். அதனால நான் முன்வைக்குற சொல் நெடுந்தவணை ஒப்பந்தம்.

குத்தகைன்னு சொல்லலாமான்னும் யோசிச்சேன். மழை பெஞ்சாலும் பெய்யாட்டியும் குத்தகை நெல்லை அளந்தாகணும், விளைச்சல்ல பங்கு வாங்குற வாரம் மாதிரி கிடையாது, அந்த வகையில ரொம்ப பொருத்தம். ஆனா குத்தகைக்கு எடுக்குறது நிலத்தை, மனுஷனை அப்படி சொல்ல எனக்கு மனசு ஒப்பல.

இப்ப தவணைன்னு நெனச்சுக்கிட்டு ஃபிராங்க்ளின் கதையைப் பாருங்க. முதல் வருஷமே 2014ல லீக்லயே அதிக கோல் அடிச்சதுக்கு கோல்மன் மெடல், 2017ல மறுபடியும். 2020 சீசன் முழுக்க காயத்தால ஒரு ஆட்டம் கூட ஆடல, பணம் கட்டியாச்சு. ஒம்பதாவது வருஷம், 2022 மார்ச் 25, சிட்னி கிரிக்கெட் மைதானத்துல ஜீலாங்குக்கு எதிரா தன்னோட 1000ஆவது கோலை அடிச்சாரு, சரித்திரத்துலயே ஆறாவது ஆளு. பந்து கம்பத்துக்கு நடுவுல போன அந்த நிமிஷமே வேலியைத் தாண்டி ஆயிரக்கணக்கான ஜனம் மைதானத்துக்குள்ள, பச்சைப் புல்லே தெரியல, போலீஸும் கூட ஆடுறவங்களும் அவரைச் சுத்தி வளையம் கட்டி நிக்குறாங்க, அரைமணி நேரத்துக்கு மேல ஆட்டமே நின்னுபோச்சு. ஒம்பது வருஷம் முடிஞ்சதும் அதே கிளப் இன்னொரு வருஷம் சேர்த்துக் குடுத்துச்சு. சிட்னிக்காக 172 ஆட்டம், 486 கோல். ஆனா கோப்பை ஒண்ணு கூட இல்ல, 2014, 2016, 2022 மூணு கிராண்ட் ஃபைனல்லயும் தோல்வி.

பணத்தை விட பெரிய செலவு வேற. அவரு உள்ள வந்தப்ப ஷேன் மம்ஃபர்ட்ங்குற ரக்மன் (நடுவர் மேல விடுற பந்தை எம்பித் தட்டிவிடுற உயரமான ஆளு) வெளிய போனாரு, 2016 கடைசில டாம் மிட்செல் ஹாதார்னுக்குப் போயி 2018ல சீசனோட சிறந்த வீரருக்கான பிரவுன்லோ மெடல் வாங்கினாரு. உச்சவரம்புக்குள்ள ஒருத்தருக்கு நெடுந்தவணை ஓடும்போது நெருக்குறது மத்தவங்களுக்குத்தான். தேறுச்சா இல்லையான்னு கேக்குறவங்க இந்தப் பக்கத்தைக் கணக்குல சேர்க்குறதே இல்ல.

2016 கிராண்ட் ஃபைனல், அக்டோபர் 1, மெல்போர்ன் எம்சிஜி மைதானம். கடைசி குவார்ட்டர்ல ஃபிராங்க்ளின் கையில பந்து, பின்னாலேர்ந்து வெஸ்டர்ன் புல்டாக்ஸோட டேல் மோரிஸ் ஓடிவந்து ஆளைப் பிடிச்சு அமுக்குறாரு. பந்து தெறிச்சு விழுது, எடுத்தது டாம் பாய்ட், கிட்டத்தட்ட 60 மீட்டர்லேர்ந்து ஒரே உதை, பந்து தரையில குத்திக் குத்தி உருண்டு கோலுக்குள்ள. புல்டாக்ஸுக்கு 1954க்கு அப்புறம் முதல் கோப்பை. பாய்ட் அன்னிக்கு மூணு கோல். நான் அந்தக் காட்சியை எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பேன்னு தெரியல, ஏன்னா பந்தை விட்டவரும் நெடுந்தவணை ஆளு, எடுத்தவரும் நெடுந்தவணை ஆளு. பாய்ட் 2013 டிராஃப்ட்ல, அதாவது கிளப்புங்க வரிசையா புதுப் பசங்களைப் பொறுக்கி எடுக்குறப்ப, முதல் ஆளா எடுக்கப்பட்டவரு, கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி கிளப்புக்காக வெறும் ஒம்பது ஆட்டம் ஆடினதும் 2014 கடைசில புல்டாக்ஸ் ஏழு வருஷம், சுமார் 70 லட்சம் டாலர்னு பேசி இழுத்துச்சு. அவ்வளவு சின்ன பையனுக்கு அவ்வளவா-ன்னு ஊரே ஏசுச்சு, அந்தப் பாரத்தோடதான் அவரு ஆடினாரு. மனசு சரியில்லாம, ஆட்டத்துல இருந்த ஆசையும் போயி 2019 மே மாசம் 23 வயசுல ஓய்வு, மொத்தம் 61 ஆட்டம், மிச்ச ரெண்டரை வருஷ சம்பளத்தையும் வேணாம்னு விட்டுட்டாரு. பணத்தை ஆட்டத்தால வகுத்தா நஷ்டம்னு வரும். 62 வருஷம் கோப்பைக்காக காத்திருந்த புல்டாக்ஸ் ரசிகர்கிட்ட போய் அந்தக் கணக்கைக் காட்டுங்க பாப்போம்.

சரியா விளைஞ்சதுன்னா டஸ்டின் மார்ட்டின். 2017ல ரிச்மண்ட்ல ஏழு வருஷம் கையெழுத்து போட்டாரு, அந்த வருஷமே கோப்பை, அப்புறம் 2019, 2020, மூணு ஃபைனல்லயும் அவருதான் சிறந்த வீரர். கடைசி வருஷங்கள்ல வேகம் குறைஞ்சுது, 2024ல ஓய்வு. யாரும் குறை சொல்லல, ஏன்னா வாங்கினது முதல் மூணு தவணைலயே கைக்கு வந்துடுச்சு.

ப்ரோடி கிரண்டி கதை வேற மாதிரி. காலிங்வுட் 2020ல ஏழு வருஷத்துக்கு, 2027 வரைக்கும் கையெழுத்து வாங்குச்சு. 2022 கடைசில வரம்புக்குள்ள மூச்சு முட்டவும் மெல்போர்ன் கிளப்புக்கு அனுப்பிட்டு சம்பளத்துல ஒரு பங்கையும் தானே கட்ட ஒத்துக்கிச்சு, அடுத்த வருஷமே அவரு இல்லாம 2023 கோப்பையும் ஜெயிச்சுது. வண்டியை வித்த பிறகும் தவணை கட்டுறதுன்னா இதுதான். இங்க 'நீண்டகால ஒப்பந்தம்'னு எழுதினா காலம் பாதிலயே முடிஞ்ச மாதிரி இருக்கும், நெடுந்தவணைன்னு எழுதிப் பாருங்க, ஆளு போயும் கடன் ஓடுதுங்குறது அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு.

இதுக்கு எதிர்ச்சொல்லும் தானா கிடைக்குது, குறுந்தவணை. 2025 ஆகஸ்ட்ல செயின்ட் கில்டாவோட நசாயா வாங்கனீன் மிலேரா, லீக்ல எந்த கிளப்பும் எட்டு பத்து வருஷம்னு நீட்டத் தயாரா இருந்திருக்கக்கூடிய ஆட்டக்காரர், போட்டது ரெண்டே வருஷம்தான், வருஷத்துக்கு சுமார் 20 லட்சம் டாலர்னு செய்தி வந்துச்சு. அது முடியுறது 2027ல, டாஸ்மேனியாவோட புது அணி லீக்குக்குள்ள வர்றது 2028ல.