டர்போ காரில் பார்ட்ஸ் மாற்றும் முன்: எஞ்சின் எங்கே போகிறது, ஏன் போகிறது

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், மிட்சுபிஷி எவல்யூஷன், நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், சில்வியா, மாஸ்டா ஆர்எக்ஸ்-7, டொயோட்டா சூப்ரா. இந்தக் கார்களை வாங்குகிறவர்கள் வாங்கிய கையோடு எதையாவது மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை. 2004 வரை ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு 280 பிஎஸ்-க்கு (குதிரைத்திறன் அளவு) மேல் விளம்பரப்படுத்தாமல் இருந்தன. பல எஞ்சின்களில் அதற்கு மேலும் தாங்கும் தெம்பு இருந்தது. ஆனால் அந்தத் தெம்பு புது எஞ்சினுக்கு உரியது. இன்று கைக்கு வருவதோ இருபது, முப்பது வருடம் ஓடிய எஞ்சின், யார் யாரோ கைவைத்தது.

பிரித்துப்போட்ட எஞ்சினில் காரணம் தேடினால், பவர் அதிகம் எடுத்ததால் மட்டுமே போயிற்று என்று சொல்லும்படி இருப்பது அபூர்வம். எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்புவதுதான் டர்போ, அந்த அழுத்தம்தான் பூஸ்ட். அதில் காற்று கூடியிருக்கும், பெட்ரோல் கூடியிருக்காது. அல்லது சூடு ஏறியிருக்கும், அதைக் காட்ட ஒரு மீட்டர் இருந்திருக்காது. என்ன பார்ட் மாட்டினோம் என்பதைவிட எந்த வரிசையில் மாட்டினோம் என்பதில்தான் எஞ்சினின் ஆயுள் இருக்கிறது.

முதல் செலவு பரிசோதனைக்கு

எஞ்சின் சூடான பிறகு எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர், இக்னிஷன் இரண்டின் மின்தொடர்பையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பார்ட்ஸ் வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவையுங்கள்.

கம்ப்ரஷன் சரியாக இருந்துவிட்டாலும் போதாது. பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு விரிசல் விட்டிருந்தாலும் சில நேரம் கம்ப்ரஷன் மீட்டரில் நல்ல எண்ணே வரும். லீக்-டவுன் சோதனையில்தான் அது மாட்டிக்கொள்ளும்: சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 20-ஐத் தாண்டினால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஆயில் மூடி வழியாகச் சீறினால் ரிங் அல்லது பிஸ்டன், சைலன்சர் வழியாக வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

அடுத்தது காற்றுக் கசிவு. டர்போவின் உள்வாயை ஒரு மூடியால் அடைத்து, அதிலுள்ள வால்வு வழியாக மெல்ல 1 பார் அழுத்தம் வரை காற்றடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடம் நுரைத்துக் காட்டிக்கொடுக்கும். எஞ்சினின் அடிப்பகுதி அறையான கிராங்க்கேஸிலிருந்து டர்போவின் காற்றுக் குழாயில் சேரும் பிரீதர் ஹோஸை முதலில் அடைத்துவிட வேண்டும். மறந்தால் அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் போய் ஆயில் சீலைத் தள்ளிவிடும். பழைய காரில் இந்தச் சோதனையை ஒருமுறை செய்து கிளிப்புகளை மாற்றினாலே, போன பிக்கப் பாதி திரும்பி வந்துவிடுவதுண்டு.

பெட்ரோலைப் பார்க்காமல் பூஸ்டைத் தொடாதீர்கள்

ஜப்பான் உள்நாட்டு மாடல்கள் அங்குள்ள ஹை-ஆக்டேன் பெட்ரோலுக்கு ட்யூன் செய்யப்பட்டவை. ஜப்பானின் தரநிர்ணயப்படி அது குறைந்தது 96 ரான் (ஆக்டேன் அளவு). பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் 100. அதே காரில் 91 அல்லது 95 ரான் ஊற்றி முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால், ஒரு பார்ட்கூட மாற்றாமலே நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) வரும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ இக்னிஷன் டைமிங்கைப் பின்வாங்கிச் சமாளிக்கப் பார்க்கும். ஆனால் அந்தச் சமாளிப்புக்கு எல்லை உண்டு. சுபாருவின் ஈஜே257 எஞ்சினில் பிஸ்டன் விளிம்பு உடைவதற்கு முக்கியக் காரணம் நாக்கிங்தான். உங்களுக்கு நிச்சயமாகக் கிடைக்கும் பெட்ரோல் எதுவோ அதற்கு ட்யூன் செய்யுங்கள். எப்போதாவது கிடைக்கும் நல்ல பெட்ரோலுக்கு ட்யூன் செய்துவிட்டு, அவசரத்துக்கு வேறொன்றை ஊற்றி ஓட்டுவது வம்பு.

சாதுவாகத் தெரியும் மூன்று பார்ட்ஸ்

ஏர் இன்டேக் (காற்று உள்ளே வரும் குழாய்), டவுன்பைப் (டர்போவிலிருந்து எக்ஸாஸ்ட் வெளியேறும் குழாய்), ப்ளோ-ஆஃப் வால்வு (ஆக்சிலரேட்டரை விட்டதும் மிஞ்சும் பூஸ்டை விடுவிப்பது). ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் மாட்டிவிடலாம். அதனாலேயே ஆபத்து.

இன்டேக்கை எடுத்துக்கொள்வோம். காற்றளவு சென்சார், குழாயில் தன்னைக் கடக்கும் காற்றின் வேகத்தைத்தான் அளக்கிறது. சென்சார் இருக்கும் குழாயின் உள்விட்டம் 65 மி.மீ என்று வையுங்கள். அதை 72 மி.மீ-க்கு மாற்றினால் பரப்பு சுமார் 23 சதவீதம் கூடுகிறது, அதே அளவு காற்று மெதுவாகப் போகிறது, சென்சார் ஏறத்தாழ 18 சதவீதம் குறைத்துச் சொல்கிறது. ஈசியூ அதற்கேற்பக் குறைந்த பெட்ரோல் விடும். சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சாரின் சொல்லைக் கேட்டு ஈசியூ திருத்திக்கொள்வதால் ஒன்றும் தெரியாது, செக் எஞ்சின் விளக்குகூட எரியாமல் இருக்கலாம். முழு ஆக்சிலரேட்டரில் பழைய மாடல்கள் பலவற்றில் அந்தத் திருத்தம் நின்றுவிடும். பெட்ரோல் குறைவான கலவையில், உச்ச பூஸ்டில், பிஸ்டன் வேகும். ‘கார் இப்போது நன்றாக இழுக்கிறது’ என்று ஓனர் சந்தோஷப்படுவதும் அந்தக் காலகட்டத்தில்தான். எண்ணெய் தடவும் வகை ஃபில்டரில் எண்ணெய் அதிகமாகிவிட்டால் சென்சாரின் கம்பியில் படிந்து அளவை வேறு கெடுக்கும்.

டவுன்பைப் டர்போவுக்குப் பின்னால் உள்ள தடையைக் குறைக்கிறது. டர்போ வேகமெடுக்கிறது, கம்பெனி வேஸ்ட்கேட்டின் (பூஸ்ட் வரம்பைத் தாண்டாமல் எக்ஸாஸ்ட் வாயுவை வேறு வழியில் திருப்பும் கதவு) சிறிய துளையால் அத்தனை வாயுவையும் திருப்பிவிட முடிவதில்லை. நீங்கள் வைத்த 1 பார், உயர் ஆர்பிஎம்மில் 1.3-க்கு ஊர்ந்து ஏறும். ஈசியூ பெட்ரோலை வெட்டி கார் குலுங்கினால் அதிர்ஷ்டம். அந்த வெட்டை நிறுத்தவென்றே ஒரு பெட்டி விற்கிறார்கள், அதை மட்டும் வாங்காதீர்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்ட காரைப் பொதுச்சாலையில் ஓட்டுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

காற்றை வெளியே விடும் ப்ளோ-ஆஃப் வால்வு, காற்றளவு சென்சார் உள்ள எஞ்சினில் தொந்தரவு: ஏற்கெனவே கணக்கில் எழுதிய காற்று வெளியே போய்விடுவதால் கியர் மாற்றும்போதெல்லாம் பெட்ரோல் அதிகமாகி, பிளக் கறுக்கும், ஐடிலில் எஞ்சின் நின்றுவிடும். அழுத்த சென்சாரில் ஓடும் ஆர்எக்ஸ்-7 போன்றவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. அந்தச் சத்தத்துக்கு மேல் லாபமும் இல்லை.

மீட்டர், ட்யூன், பெட்ரோல் கணக்கு

முதலில் வாங்க வேண்டியவை: பூஸ்ட், ஆயில் அழுத்தம், ஆயில் சூடு, வைட்பேண்ட் (காற்று-பெட்ரோல் விகிதம் காட்டுவது). பெட்ரோல் டர்போ எஞ்சினில் முழு லோடில் காற்று-பெட்ரோல் விகிதம் பொதுவாக 11-க்கும் 11.8-க்கும் நடுவில் இருக்கும்; பூஸ்ட் ஏறும்போது 12.5-க்கு மேல் போனால் காலை எடுத்துவிடுங்கள். வைட்பேண்ட் சென்சாரை எக்ஸாஸ்ட் குழாயின் மேல்பாதியில், கடிகாரத்தின் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடைப்பட்ட கோணத்தில் வையுங்கள். கீழ்ப்பக்கம் வைத்தால் குளிர்ந்த எஞ்சினிலிருந்து வரும் நீர்த்துளி பட்டு உள்ளிருக்கும் செராமிக் வெடிக்கும்.

இன்ஜெக்டர் அளவை மனக்கணக்காகவே போடலாம். டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 6.3 சிசி பெட்ரோல் வேண்டும். எஞ்சினில் 350 குதிரைத்திறன் இலக்கு என்றால் 2,205 சிசி. நான்கு சிலிண்டருக்குப் பங்கிட்டால் தலைக்கு 551. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் திறந்துவைக்கக் கூடாது என்பதால் 0.8-ஆல் வகுத்தால் 690 சிசி. ஆக 700-க்குக் குறையாமல் வாங்குங்கள். பம்ப்பைப் புதிதாக மாற்றிவிட்டு அதே பழைய ஒயரில் ஓட்டுவது இன்னொரு வழக்கமான தப்பு. லோடில் பம்ப் முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்து பம்ப்பில் 12-க்கும் குறைவாக வந்தால், அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு உங்களுக்குக் கிடைக்காது. பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி ரிலே, ஃபியூஸ் போடுங்கள்.

பூஸ்ட் கூட்டினால் பிளக்கையும் மாற்ற வேண்டும். என்ஜிகே-யில் எண் ஏறினால் பிளக் குளிர்ச்சி. 6 இருந்த இடத்தில் 7. இடைவெளியை 1.1 மி.மீ-இலிருந்து 0.7 அல்லது 0.8-க்குக் குறைக்காவிட்டால் உயர் பூஸ்டில் தீப்பொறி அணைந்து எஞ்சின் விக்கும். பலர் அதைக் காயில் கோளாறு என்று நினைத்துக் காயிலை மாற்றிவிடுகிறார்கள். இரிடியம் முனையில் கேஜை வைத்து நெம்பாதீர்கள்.

மேனுவல் பூஸ்ட் கன்ட்ரோலர் போட்டவர்கள் வேஸ்ட்கேட்டுக்குப் போகும் அந்தச் சின்ன ஹோஸைக் கவனிக்கவும். கம்ப்ரசரிலிருந்து வரும் அழுத்தம்தான் வேஸ்ட்கேட்டைத் திறக்கிறது. ஹோஸ் கழன்றால் அல்லது வெடித்தால் வேஸ்ட்கேட் மூடியபடியே நிற்கும், பூஸ்டுக்கு வரம்பே இராது. விரல்நீள ரப்பர் குழாய் அது. எஞ்சின் சூட்டில் நுனி விறைத்து, விரலால் திருகினால் சுற்றும் நிலைக்கு வந்துவிட்டால் அன்றே சிலிக்கான் ஹோஸ் போட்டு, இரு முனையிலும் கிளிப் அடியுங்கள்.

எந்த எஞ்சினுக்கு எங்கே நோவு

ஈஜே எஞ்சினில் ஆயில் உறிஞ்சும் குழாய் பற்றவைத்த இடத்தில் விரிசல் விடும். காற்றை உறிஞ்சும், பேரிங் போகும். ஆயில் பான் கழற்றும் வேலை எப்போது வந்தாலும் அதை மாற்றிவிடுங்கள். டர்போவுக்கு ஆயில் போகும், நடுவே துளையுள்ள பாஞ்சோ போல்ட்டுக்குள் சில மாடல்களில் ஒரு வலை இருக்கிறது, அது அடைத்தால் டர்போ ஆயிலின்றிக் காயும். புது டர்போ போட்டு ஆறே மாதத்தில் போயிற்று என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம்.

மிட்சுபிஷி எவல்யூஷனின் 4ஜி63-இல் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கென்று ஒரு குட்டி பெல்ட் உண்டு. அது அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கினால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். டைமிங் பெல்ட் மாற்றும்போது இதையும், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்பி26-இன் கம்பெனி டர்போவில் டர்பைன் சக்கரம் செராமிக். 1 பாரைத் தாண்டிப் பிழிந்தால் தண்டிலிருந்து பிய்ந்து போகும். ஆர்32 ஸ்கைலைனின் ஆரம்பகால கிராங்க்கில் ஆயில் பம்ப்பைச் சுழற்றும் பகுதி குறுகல், ஆர்பிஎம் லிமிட்டரில் திரும்பத் திரும்ப அடித்தால் பம்ப் கியர் உடையும். சில்வியாவின் எஸ்ஆர்20-இல் அதிக ஆர்பிஎம்மில் ராக்கர் ஆர்ம் எகிறிவிழும். ஆர்எக்ஸ்-7-இன் 13பி-ஆர்இடபிள்யூ ரோட்டரி எதையும் மன்னிக்காது: கடுமையான நாக்கிங் ஒருமுறை வந்தாலே ரோட்டரின் நுனியிலுள்ள ஏபெக்ஸ் சீல் உடையலாம். அது இயல்பாகவே ஆயிலை எரிக்கும் எஞ்சின் என்பதால் பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக் பார்ப்பது வழக்கமாக வேண்டும். கூலன்ட்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் தொட்டியும் வயதாகி வெடிக்கும், அலுமினியத்தில் மாற்றுங்கள்.

எந்த எஞ்சினானாலும் 5,000 கி.மீ-க்கு ஒருமுறை ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து, உள்ளே மடித்திருக்கும் தாளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மினுமினுப்பு இருந்தால் காந்தம் வையுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்தில் மின்னினால் பேரிங் தேய்கிறது. அதற்குமேல் ஓட்டினால் கிராங்க்கும் சேர்ந்து போகும்.

ஆயில் கூலர் வைப்பவர்கள் தெர்மோஸ்டாட் உள்ள பிளேட்டாக வாங்குங்கள். இல்லையேல் சாலை ஓட்டத்தில் ஆயில் 80 டிகிரிக்கே வராமல், அதில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிவிடும். புது டர்போ போட்டதும் சாவியைத் திருப்பி உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. இக்னிஷனைத் துண்டித்து, ஆயில் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிடுங்கள். ஆயில் திரும்பும் குழாய் கூடியவரை நேராகக் கீழே இறங்க வேண்டும். அந்த இணைப்பில் சிலிக்கான் பேஸ்ட் தடவுவது, பிய்ந்த துணுக்கு வழியை அடைப்பதற்கு நாமே ஏற்பாடு செய்வதுதான்.

நிறுத்தவும் வேண்டுமே

பிரேக் பேடை மாற்றி, பழைய பிரேக் ஆயிலையே வைத்திருப்பது அரைவேலை. டாட் 4 திரவம் புதிதில் குறைந்தது 230 டிகிரி தாங்கும், ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155-தான். கொதித்தால் பெடல் தரைவரை போகும். ஓராண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், சர்க்யூட்டில் ஓட்டுபவர்கள் அதற்கும் முன்னால்.

சஸ்பென்ஷனில் அதிகம் காணும் தப்பு, கார் லிஃப்ட்டில் சக்கரம் தொங்கும்போதே ரப்பர் புஷ் போல்ட்டுகளை இறுக்குவது. காரை இறக்கியதும் புஷ் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதங்களில் கிழியும். போல்ட்டை லேசாகப் பிடித்து, கார் தன் எடையில் சக்கரத்தில் நிற்கும்போது கடைசி இறுக்கு கொடுங்கள். வீல் அலைன்மெண்ட் ஸ்பிரிங் படிந்த பிறகு.

வீலில் ஜேடபிள்யூஎல் முத்திரை தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது, வியா முத்திரை வெளி அமைப்பு சோதித்துத் தருவது. இரண்டையும் அச்சடித்த டூப்ளிகேட்டும் புழங்குவதால், முத்திரையை மட்டும் நம்பாமல் யாரிடம் வாங்குகிறோம் என்பதைப் பாருங்கள். நடுத்துளை சுபாருவில் 56.1 மி.மீ, டொயோட்டாவில் பெரும்பாலும் 60.1, ஹோண்டாவின் பல மாடல்களில் 64.1, நிசானில் 66.1, மாஸ்டா, மிட்சுபிஷியில் 67.1. வீலின் துளை பெரிதாக இருந்தால் அளவுக்கேற்ற வளையம் போடாமல் மாட்டினால் ஸ்டீயரிங் நடுங்கும். நட்டின் மரை சுபாரு, நிசானுக்கு 12×1.25, மற்ற நான்குக்கும் 12×1.5. மாற்றிப்போட்டுக் காற்றுத் துப்பாக்கியால் ஏற்றினால் ஸ்டட் போய்விடும். ஹோண்டாவின் கம்பெனி நட்டுக்கு உருண்டை அடி, வெளி வீல்களுக்குப் பெரும்பாலும் கூம்பு அடி. ஒன்றை இன்னொன்றில் இறுக்கினால் மெல்லிய வளையம் மட்டுமே படிந்து, ஓட ஓடத் தளரும். ஆல்-வீல் டிரைவ் சுபாருவில் நான்கு டயரின் சுற்றளவும் 6 மி.மீ-க்குள் ஒத்திருக்க வேண்டும். ஒன்று பஞ்சராகி வீணானால் ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவது சென்டர் டிஃபரென்ஷியலுக்குச் செலவு வைக்கும். வீல் மாட்டி 80, 100 கி.மீ ஓடியதும் வீல் ஆறிய நிலையில், மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.