தத்துவம்: சொல் விளக்கம்

தினசரி காலண்டரில் ராகுகாலம், எமகண்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். காந்தி சொன்னது, விவேகானந்தர் சொன்னது என்று தினம் ஒன்று. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘இன்றைய தத்துவம்’. தாளைக் கிழிப்பவர் சத்தமாக வாசித்தாக வேண்டும்.

சரி, அது தத்துவம்தானா?

தத்துவம் வடசொல். ‘தத்’ என்றால் அது. ‘த்வ’ நம் ‘மை’ போன்ற விகுதி. சேர்த்தால் ‘அதுவாக இருக்கும் தன்மை’, அதாவது ஒன்றின் உண்மை நிலை. (உபநிடத வாக்கான ‘தத்துவமசி’யில் வருகிற ‘துவம்’ வேறு, அங்கே அதற்கு ‘நீ’ என்று பொருள். பலர் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள்.) சைவ சித்தாந்தத்தில் தத்துவத்துக்குக் கணக்கே உண்டு: ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5, ஆக 36. மண், நீர், மூக்கு, நாக்கு எல்லாம் அதில் அடக்கம். பெரியவர்கள் சொன்ன வாசகம் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் கிடையாது.

இதற்குத் தமிழ் தேடி அலைய வேண்டியதில்லை. குறளில் ‘மெய்யுணர்தல்’ என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. வடநூலார் இதைத் தத்துவ ஞானம் என்பர் என்று பரிமேலழகரே எழுதிவிட்டார். பொருளுக்கு மெய்ப்பொருள், படிப்புக்கு மெய்யியல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் துறையின் பெயரே மெய்யியல்தான்.

அப்புறம் இந்தச் சொல் காலண்டர் வரிக்கு எப்படி இறங்கியது? சினிமாவுக்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். கேசட் கடையில் காதல் பாடல், சோகப் பாடலுக்குப் பக்கத்தில் ‘தத்துவப் பாடல்கள்’ தனி ரகம். வாழ்க்கையைப் பற்றி நாலு வரி இருந்தால் போதும். இன்று அறிவுரை சொல்ல வாயெடுத்தாலே ‘தத்துவம் பேசாதே’ என்கிறார்கள்.

காலண்டர் வரிக்குப் பொருத்தமான சொல் பொன்மொழி. ஆள் தெரியாமல் ஊரே சொல்வது பழமொழி. இரண்டில் எதையும் நம் பேச்சுக்குத் துணையாக எடுத்துக்கொண்டால் மேற்கோள். ‘கொள்’ நீண்டு ‘கோள்’ ஆகியிருக்கிறது, ‘பெறு’ பேறு ஆவது போல.

தொல்காப்பியம் முதுமொழிக்கு நுண்மையும் சுருக்கமும் ஒளியும் கேட்கிறது. ‘என் வாழ்க்கையே என் செய்தி’ அதில் தேறும். 1947இல் கல்கத்தாவில் காந்தி அதை வங்காள மொழியில் எழுதிக் கொடுத்தார், நான்கே சொல். கடைசிச் சொல் ‘பாணி’, நம் வாணி. அதற்குச் ‘செய்தி’யைவிட ‘வாக்கு’ நெருக்கம். செய்தி என்றால் எனக்கு இரவு ஏழரை மணி ஞாபகம்தான் வருகிறது.