டிரம் சுத்துது, துணி காயலை: டிரையர் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஏற்காட்டில் லாட்ஜ், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கு மழைக்காலம் வந்தால் பெட்ஷீட்தான் பெரிய கவலை. கொடியில் போட்டால் நாள்கணக்கில் ஈரவாடை போகாது. அதனால்தான் டிரையர் வாங்குகிறார்கள். அதில் அதிகம் வரும் புகார், டிரம் நன்றாகச் சுற்றுகிறது ஆனால் துணி காயவில்லை என்பது. "வெளியே இவ்வளவு பனி, அந்தக் காத்தை இழுத்தா எப்படிங்க காயும்?" என்று காரணமும் கூடவே வந்துவிடும்.

பனிமூட்டத்தின் மேல் பழி போடுவது சரியில்லை. 15 டிகிரிக் காற்று முழுக்க முழுக்க ஈரம் ஏறி நின்றாலும் ஒரு கன மீட்டரில் இருக்கும் நீராவி சுமார் 13 கிராம்தான், கண்ணுக்குத் தெரிகிற பனித்துளிகளைச் சேர்த்தாலும் இன்னொரு கிராம் கூடாது. கீழே சேலத்தில் 35 டிகிரி வெயிலில், ஈரப்பதம் 50 சதவீதம் இருக்கும் நாளில், அதே அளவு காற்றில் 20 கிராம் நீராவி இருக்கிறது. குளிர்ந்த காற்றால் அதிகம் தாங்க முடியாது, கொஞ்சத்திலேயே நிறைந்துவிடும், அவ்வளவுதான். அந்த மலைக்காற்றையே 60 டிகிரிக்குச் சூடாக்கிப் பாருங்கள், ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கி, துணியில் உள்ள தண்ணீரை வாங்கிக்கொள்ளத் தயாராகிவிடும். குளிர்காற்றைச் சூடாக்கக் கொஞ்சம் மின்சாரம் கூடப் போகும், மற்றபடி பனியால் டிரையருக்குக் கெடுதல் இல்லை.

அப்புறம் ஏன் காயவில்லை? பெரும்பாலும் காற்று ஓடவில்லை என்பதுதான் பதில். குழாய் வைத்து வெளியே ஊதும் சாதாரண டிரையரில் ஒரு விசிறி காற்றை இழுக்கிறது, அது காயில் எனும் சூடேற்றும் கம்பிச் சுருளைத் தாண்டி, டிரம்முக்குள் துணியோடு புரண்டு, பஞ்சு பிடிக்கும் ஃபில்டர் வழியாகக் குழாய்க்குப் போய் வெளியேறுகிறது. துணிக்குச் சூட்டைக் கொண்டுபோவதும் அதே காற்று, நீராவியை வெளியே தூக்கிப்போவதும் அதே காற்று, காயில் அளவுக்கு மீறிச் சுடாமல் காப்பாற்றுவதும் அதே காற்று. அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் வெளிச்சுவரில் குழாய் முடியும் இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். காற்று வேகமாக, வெதுவெதுப்பாக வர வேண்டும். மந்தமாக வந்தால், மெஷினுக்குப் பின்னால் குழாயைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். அப்போது நன்றாக வீசினால் அடைப்பு குழாயில்தான். காபித் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிற வீடுகளில் குழாய் வாயிலேயே குளவி மண்கூடு கட்டியிருக்கும், குழாய் வளைகிற இடத்தில் ஈரப்பஞ்சு கட்டியாகப் படிந்திருக்கும்.

ஃபில்டரைத் தினமும் தட்டுகிறேன் என்பவர்களும் இந்த ஒரு சோதனையைச் செய்ய வேண்டும். தண்ணீர்க் குழாயடியில் ஃபில்டரைப் பிடித்து அதன் மேல் தண்ணீர் ஊற்றுங்கள். வலை பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் தண்ணீர் இறங்காமல் அப்படியே தேங்கி நிற்கும். வாசனைக்காக ஊற்றும் ஃபேப்ரிக் கண்டிஷனர் மெல்லிய படலமாகப் படிந்து வலைக்கண்களை மூடியிருக்கிறது என்று அர்த்தம். சோப்புத் தண்ணீரும் பழைய டூத்பிரஷும் போதும்.

காற்று சரியாக இருந்தும் சூடு இல்லையென்றால், பிளக்கைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை எடுக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது தெர்மல் ஃப்யூஸ், அதாவது சூடு அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கிற, காயில் பெட்டி மேலோ விசிறிக் கூட்டின் மேலோ திருகி வைத்திருக்கும் சின்னத் துண்டு. மீட்டர் கன்டின்யூட்டி, அதாவது இரண்டு முனைக்கும் நடுவில் மின்தொடர்பு, காட்டாவிட்டால் அது போய்விட்டது. ஒருமுறை போனால் போனதுதான், மாற்றித்தான் ஆக வேண்டும். "டைரக்ட் பண்ணிடலாம்" என்று யாராவது வயரைச் சேர்த்து முறுக்க வந்தால் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். அந்த ஃப்யூஸ் போனதற்குக் காரணம் பெரும்பாலும் மேலே சொன்ன அடைப்புதான். அடைப்பை எடுக்காமல் ஃப்யூஸைத் தாண்டி மின்சாரம் கொடுத்தால், காயில் பழுக்கும், பக்கத்தில் காய்ந்த பஞ்சு இருக்கும், அது நொடியில் பற்றிக்கொள்ளும். புது ஃப்யூஸ் போட்டாலும், அடைப்பு அப்படியே இருந்தால் அதுவும் போகும்.

ஃப்யூஸ் நன்றாக இருந்தால் காயில். நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பி அது. 230 வோல்ட்டில் 2000 வாட் இழுக்கும் காயில் என்றால் மீட்டர் 26 ஓம் அளவுக்குக் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. காயில் முனைக்கும் தகரப் பெட்டிக்கும் நடுவில் தொடர்பு காட்டினால் கம்பி தொய்ந்து பெட்டியைத் தொடுகிறது, அதை ஓட்டவே கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் மெதுவாகக் காய்கிறதா? மெஷின் ஓடும்போது அந்த லைனில் எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். துணியில் 2 லிட்டர் தண்ணீர் இருந்தால் அதை ஆவியாக்க மட்டும் சுமார் 1.3 யூனிட் வேண்டும், 2000 வாட் காயிலுக்கு அது 40 நிமிட வேலை. லைன் கடைசியில் இருக்கும் வீட்டில் வோல்ட்டேஜ் 180க்கு இறங்கினால், வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப சூடு குறையும் என்பதால், அதே காயில் 1225 வாட்தான் தரும். 40 நிமிடம் 65 நிமிடமாகிவிடும். இதில் மெஷினின் தப்பு எதுவும் இல்லை. சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவதும் வேண்டாம், 9 ஆம்பியர் வரை தொடர்ந்து இழுக்கிற சாமானுக்கு எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயிண்ட்தான் சரி.

டிரம்மே சுற்றாத பழுதுகள் இன்னும் எளிது. மோட்டார் சத்தம் கேட்கிறது, டிரம்மைக் கையால் தள்ளினால் லேசாகச் சுழல்கிறது என்றால் பெல்ட் அறுந்திருக்கும். உம்மென்று உறுமிவிட்டு நின்றால் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டரைச் சந்தேகப்படலாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். கதவை மூடும்போது 'டிக்' சத்தமே இல்லையென்றால் கதவு ஸ்விட்ச்.

ஆட்டோ மோடில் பாதி ஈரத்திலேயே மெஷின் நின்றுவிடுவது தனி ரகம். டிரம் வாய்ப்பக்கம் இரண்டு பளபளப்பான உலோகப் பட்டைகள் இருக்கும், ஈரத்துணி இரண்டையும் சேர்த்துத் தொடும்போது அதன் வழியே துளி மின்சாரம் பாயும், பாய்ந்தால் ஈரம், பாயாவிட்டால் காய்ந்துவிட்டது என்று மெஷின் முடிவு செய்கிறது. கண்டிஷனர் படலம் இந்தப் பட்டைகளிலும் படியும், படிந்தால் சொட்டச் சொட்ட இருக்கிற துணியையும் காய்ந்ததாகவே எடுத்துக்கொள்ளும். வினிகர் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்து, அடுத்த சலவையில் கண்டிஷனரைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.