இதயத்துக்கு ஏன் சதை பிடித்துக்கொள்வதில்லை?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்க அப்பாவுக்கு ராத்திரியில கெண்டைக்கால் சதை பிடிச்சுக்குது. இதயமும் சதைதானே சார், அது ஏன் அப்படிப் பிடிச்சுக்கிறதில்ல?"

அருமையான கேள்வி. மின்துடிப்பு வந்தால் தசை சுருங்கும் என்பது பள்ளியிலேயே படித்ததுதான். காலில் அந்தத் துடிப்பு சில மில்லிவினாடிகளில் முடிந்துவிடும். சுருங்கிய சதை தளரத்தான் நேரம் பிடிக்கும். அதற்குள் அடுத்தடுத்துத் துடிப்புகள் வந்து சேர்ந்தால் சதை கல் மாதிரி இறுகிவிடும்.

இதயத்தின் கீழறைச் செல்லில் நடப்பது வேறு. ஓய்வில் அதன் மின்னழுத்தம் சுமார் மைனஸ் 90 மில்லிவோல்ட். சோடியம் உள்ளே பாய்ந்ததும் செங்குத்தாக ஏறும். ஏறியது உடனே இறங்காது. சுழியத்தை ஒட்டி, மொட்டைமாடி போலச் சமதளமாக, ஏறக்குறைய 200 மில்லிவினாடி நிற்கும்.

எப்படி நிற்கிறது? மெட்ரோ வாட்டர் வரும் நேரத்தில் மோட்டாரையும் போட்டுவிட்டு சம்ப்பை எட்டிப் பாருங்கள். வருவதும் போவதும் சமமாக இருந்தால் தண்ணீர் மட்டம் அசையாது. இங்கே கால்சியம் உள்ளே வருகிறது, பொட்டாசியம் வெளியே போகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த நேர்த்தி ஒன்று உண்டு: மின்னழுத்தம் ஏறியதுமே பொட்டாசியத்தின் முக்கியமான வாசல் ஒன்று தானாகச் சாத்திக்கொள்கிறது. கசிவு குறைவதால் கொஞ்சம் கால்சியம் வந்தாலே மட்டம் தாங்கும். அந்தக் கொஞ்சமே செல்லுக்குள் சேமித்துள்ள கால்சியத்தையும் திறந்துவிட்டுச் சதையைச் சுருங்க வைக்கிறது. மட்டம் இறங்கும் வரை சோடியம் கதவுகள் மறுபடி திறக்காது. புதுத் துடிப்பு நுழைய வழியில்லை. கதவு திறப்பதற்குள் இதயம் பெரும்பாலும் தளர்ந்திருக்கும். துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று குவிய இடமே இல்லை.

ஆகவே நெஞ்சு இறுக்கிப் பிடித்தால் அது இதயத்துக்கு வந்த சதைப்பிடிப்பு அல்ல. 'வாயுப் பிடிப்பு' என்று ஓமவாட்டர் குடித்துக் காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

கால்சியத்தின் பங்கு தெரியவந்ததே தற்செயலாகத்தான். லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்தார். காய்ச்சி வடித்த நீரில் உப்பைக் கரைத்தபோதோ துடிப்பு நின்றுபோனது. முதலில் கலந்தது குழாய்த் தண்ணீர் என்பதும், அதிலிருந்த கால்சியம்தான் காரணம் என்பதும் 1883-ல் வெளிவந்தது. இப்படிப்பட்ட ஆய்வுகளிடம் 'உடனடிப் பயன் என்ன' என்று கேட்டுப் பணத்தை நிறுத்துவது பெரிய தவறு. ரத்த அழுத்தத்துக்குப் பலரும் சாப்பிடும் அம்லோடிபின், ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள இதே வகைக் கால்சியம் கதவைத்தான் அடைக்கிறது. உங்கள் அப்பாவின் மாத்திரை டப்பாவிலும் அது இருக்கலாம்.