ஒரு மீனும் சிக்கவில்லையா? அதையும் பதிவு செய்யுங்கள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கடலில் பொழுதுபோக்காகச் சால்மன் மீன் பிடிக்க உரிமம் வேண்டும். ஆண்டு உரிமம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை செல்லும். உரிமம் வாங்குபவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, குறிப்பிட்ட காலத்தில் பிடித்ததை இணையத்தில் பதியச் சொல்கிறது மீன்வளத் துறை. 2012-இல் தொடங்கிய இந்தக் கணக்கெடுப்புக்கு ஐரெக் என்று பெயர். தேர்வானவர்கள் பதில் தருவது உரிமத்தின் நிபந்தனை.

எந்தப் பகுதியில், எத்தனை நாள், படகிலா கரையிலா, எந்த இனம், எத்தனை வைத்துக்கொண்டீர்கள், எத்தனையைத் திரும்பக் கடலில் விட்டீர்கள் என்று கேட்பார்கள். தூண்டிலே போடாதவர்களும் 'போகவில்லை' என்று பதிய வேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். நூறு பேரைக் கேட்டு, அதில் நாற்பது பேர்தான் கடலுக்குப் போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாற்பது பேர் மட்டும் பதில் தந்தால், உரிமம் வைத்திருக்கும் எல்லோருமே மீன்பிடிக்கப் போனதுபோல் கணக்கு ஊதிவிடும். பிடிப்பு அளவுக்கு மீறித் தெரிந்தால், சினூக் போன்ற சால்மன் இனங்களுக்குக் கட்டுப்பாடு தேவைக்கு மேல் இறுகலாம். குறைத்துக் காட்டினால் மீனுக்கு ஆபத்து. அதனால் சும்மா இருந்தவரின் பதிலுக்கும் நிறையப் பிடித்தவரின் பதிலுக்கும் ஒரே மதிப்புதான்.

இணையத்துக்கு முன்பிருந்தே நடப்பது கிரீல் சர்வே. படகுத்துறையில் திரும்பி வருபவர்களிடம் பேசி, ஒரு படகுக்குச் சராசரியாக எத்தனை மீன் என்று பார்ப்பார்கள். விமானத்தில் பறந்து கடலில் உள்ள படகுகளை எண்ணுவார்கள். இரண்டையும் வைத்து மொத்தப் பிடிப்பை மதிப்பிடலாம். ஆனால் எல்லா மாதமும், எல்லா இடத்திலும் இதைச் செய்ய முடியாது. அந்த இடைவெளியை ஐரெக் நிரப்புகிறது. இரண்டும் நடக்கும் இடங்களில் ஒப்பிட்டு, ஐரெக் கணக்கைத் திருத்திக்கொள்கிறார்கள்.

சரி, உங்கள் பங்குக்கு என்ன செய்யலாம்? விட்ட மீன்களை அன்றன்றே குறித்துவையுங்கள். வைத்துக்கொண்ட மீனை அலுவலர் எண்ணிப் பார்க்கலாம், விட்டதற்கு உங்கள் வார்த்தைதான் ஆதாரம். விட்டவற்றில் சில பிறகு இறந்தும் போகின்றன. அப்புறம், வைத்துக்கொண்ட சினூக் அல்லது கோஹோ சால்மனுக்கு முதுகில் வாலருகே இருக்கும் சின்னத் துடுப்பு வெட்டப்பட்டிருந்தால், தலையைச் சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். மூக்குப் பகுதியில் குறியீடு பொறித்த சுமார் 1 மி.மீ. நீளக் கம்பி இருந்தால், அது எந்த மீன்குஞ்சுப் பொரிப்பகத்து மீன் என்று தெரிந்துவிடும்.